சராசரியை நம்பலாமா? ஒரு பழைய சண்டையின் வரலாறு

வணிகவியல் படிக்கும் எவருக்கும் முதல் பருவத்திலேயே பழகிப் போகும் சொல் சராசரி. கிடங்கில் இருக்கும் சரக்குக்கு மதிப்புப் போட நிறையிட்ட சராசரி, விலைவாசியைச் சொல்லக் குறியீட்டெண், பங்குச் சந்தைக்கு சென்செக்ஸ்... எல்லாமே ஏதோ ஒரு வகையில் சராசரிதான். பத்துக் கடையில் விலை கேட்டு, கூட்டி, பத்தால் வகுத்தால் உண்மை விலைக்குப் பக்கத்தில் போய்விடலாம் என்பது சந்தைக்குப் போகிற பாட்டிக்கும் தெரிந்த கணக்கு.

ஆனால் இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன? இது எல்லா இடத்திலும் செல்லுமா? எதற்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்பதையே சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால் என்ன ஆகும்? கேட்பதற்கு விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் 250 ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. ஒரு நெசவாளர், ஒரு சூனியக்காரி (!), பதவி இழந்த ஒரு நிதித்துறை அதிகாரி, கல்கத்தாவில் பிறந்த ஓர் ஆய்விதழ் என்று பல பாத்திரங்கள் அதில் வருகிறார்கள்.

நெசவாளர் போட்ட கணக்கு

18ஆம் நூற்றாண்டு வானியலாளர்களுக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. ஒரே நட்சத்திரத்தை ஆறு முறை அளந்தால் ஆறு விடை வரும். எதை எடுத்துக்கொள்வது? சராசரி எடுத்தவர்களும் உண்டு. 'கவனமாக எடுத்த ஒரே ஒரு அளவு போதும், நல்லதையும் கெட்டதையும் கலந்து எதற்குக் கெடுக்க வேண்டும்?' என்று கேட்ட பெரிய மனிதர்களும் உண்டு.

1755ல் இங்கிலாந்தின் தாமஸ் சிம்ப்சன் இதற்குக் கணக்குப் போட்டுப் பதில் சொன்னார். இவர் நெசவாளரின் மகன்; தறியில் உட்கார்ந்து வாழ்க்கையைத் தொடங்கியவர். தானாகவே கணிதம் கற்று, உல்விச் ராணுவப் பயிற்சிக் கழகத்தில் ஆசிரியராக உயர்ந்தார். ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்த மேக்கிள்ஸ்ஃபீல்டு பிரபுவுக்கு ஒரு கடிதமாகத் தன் கணக்கை எழுதினார்.

அளவில் வரும் பிழை -5 வினாடி முதல் +5 வினாடி வரை இருக்கலாம். சிறிய பிழை அடிக்கடி வரும், பெரிய பிழை அரிதாக வரும். எனவே வாய்ப்புகள் 1, 2, 3, 4, 5, 6, 5, 4, 3, 2, 1 என்ற விகிதத்தில் அமைவதாக வைத்துக்கொண்டார். இவற்றின் மொத்தம் 36. ஓர் அளவை மட்டும் எடுத்தால் அதன் பிழை ஒரு வினாடிக்குள் இருக்கும் வாய்ப்பு 36க்கு 16, அதாவது நூற்றுக்குச் சுமார் 44. ஆறு அளவுகளின் சராசரியை எடுத்தால் அதே வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 72 ஆக ஏறிவிடுகிறது. சராசரி எடுப்பது நல்லது என்பது பழக்கமாக இருந்த நிலை மாறி, எவ்வளவு நல்லது என்று எண்ணிக் காட்டும் நிலை வந்தது. சிம்ப்சனின் பெரிய சாதனை இதுதான்.

உடனே ஓர் எதிர்ப்பும் வந்தது. எதிர்த்தவர் தாமஸ் பேய்ஸ். இன்று 'பேய்ஸ் தேற்றம்' என்று பாடத்தில் வருகிறதே, அதே பாதிரியார்தான். கருவியே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஆயிரம் முறை அளந்து சராசரி எடுத்தும் பயனில்லையே என்பது அவர் வாதம். எடைக்கல்லிலேயே குறை இருந்தால் எத்தனை முறை நிறுத்தாலும் குறை குறைதானே! இது நியாயமான எதிர்ப்பு. ஆனால் கருவி சாயாமல் நேராக இருந்தும் சராசரி ஏமாற்றும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

சூனியக்காரி வளைவு

இத்தாலியின் மிலான் நகரில் 1748ல் மரியா கயத்தானா ஆக்னேசி என்ற பெண்மணி நுண்கணிதப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். நடுவில் மேடாக எழுந்து இருபுறமும் மெல்லச் சரியும் ஒரு வளைவு அதில் வருகிறது. இத்தாலிய மொழியில் அதன் பெயர் வெர்சியேரா. 'திரும்புதல்' என்ற பொருளில் அமைந்த பெயர். இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் கோல்சன், 'சூனியக்காரி' என்று பொருள்தரும் ஒத்த ஒலிச் சொல்லோடு குழப்பிக்கொண்டார். அன்றிலிருந்து ஆங்கிலத்தில் அது 'ஆக்னேசியின் சூனியக்காரி' ஆகிவிட்டது. தப்பாக வைத்த பெயர்தான்; ஆனால் பிற்காலத்தில் அந்த வளைவு செய்த வேலையைப் பார்த்தால் பொருத்தமான பெயர் என்றே சொல்லத் தோன்றும்.

அந்த வளைவு நிகழ்தகவில் எப்படி வருகிறது என்று பார்ப்போம். முடிவே இல்லாத நீண்ட சுவர் ஒன்றின் முன்னால், ஒரு மீட்டர் தள்ளி ஒருவர் டார்ச் விளக்கோடு நிற்கிறார். கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் திருப்பி, சுவர் பக்கமாக ஒளியைப் பாய்ச்சுகிறார். நேர் எதிரே உள்ள புள்ளியில் இருந்து ஒளிப்பொட்டு எவ்வளவு தூரத்தில் விழுகிறது? பாதித் தடவை அது ஒரு மீட்டருக்குள் விழும். ஆனால் கோணம் சுவருக்கு இணையாக நெருங்க நெருங்கப் பொட்டு எங்கேயோ போய்விடும். ஆயிரம் தடவையில் சுமார் 6 தடவை 100 மீட்டருக்கும் அப்பால் விழும்! இயல்நிலைப் பரவலாக இருந்தால் இப்படி ஒன்று உலகம் உள்ள வரை நடக்காது.

1824ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் இந்தப் பரவலைப் பற்றி ஒரு வினோதத்தைக் கண்டார். பொட்டு விழுந்த இரண்டு இடங்களின் சராசரியை எடுத்தாலும், இருநூறு இடங்களின் சராசரியை எடுத்தாலும், அந்தச் சராசரி ஒற்றைப் பொட்டைப் போலவே சிதறுகிறது. கொஞ்சம்கூட நெருங்கி வருவதில்லை! சிம்ப்சன் நூற்றுக்கு 44ஐ 72 ஆக்கிய வித்தை இங்கே செல்லுபடியாகவில்லை. பாய்சான் இதை ஒரு விதிவிலக்காகக் குறித்துவிட்டு, நடைமுறையில் வராது என்று நகர்ந்துவிட்டார்.

பாரிஸ் சண்டை, 1853

29 ஆண்டுகள் கழித்து அந்த விதிவிலக்கு திரும்பி வந்தது. இம்முறை கொண்டுவந்தவர் பிரான்சின் மாபெரும் கணித மேதை அகஸ்டின் கோஷி. எதிரே நின்றவர் இரேனே ஜூல் பியனேமே.

பியனேமே பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், நிதி அமைச்சகத்து அதிகாரி. தலைமை நிதி ஆய்வாளர் பதவி வரை உயர்ந்து, 1848 புரட்சியை அடுத்து அந்தப் பதவியை இழந்தவர். புள்ளியியலிலும் காப்பீட்டுக் கணக்கிலும் ஊறியவர். 1852ல்தான் பாரிஸ் அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். லாப்லாஸ் கட்டிய நிகழ்தகவுக் கோட்டைக்குத் தன்னைக் காவலனாகவே நினைத்தவர்.

சண்டை மீச்சிறு வர்க்க முறையைப் பற்றியது. அளவுகளை ஒன்றுசேர்க்க இதுவே சிறந்த வழி என்று லாப்லாஸ் காட்டியிருந்தார். தன்னுடைய வேறொரு முறையை முன்வைத்த கோஷி, லாப்லாசின் முடிவு எப்போதும் சரியாகாது என்றார். ஆதாரமாகச் சூனியக்காரி வளைவை எடுத்துப் போட்டார். பிழைகள் இந்தப் பரவலில் வந்தால், சராசரி எடுப்பதால் ஒரு பயனும் இல்லை. ஓர் அளவும் ஒன்றுதான், ஆயிரம் அளவின் சராசரியும் ஒன்றுதான்.

பியனேமேயின் பதிலில் ஓர் அதிகாரியின் நடைமுறை அறிவு தெரிகிறது. அப்படிப்பட்ட பிழை தரும் அளவுக் கருவியை எந்தச் சாதாரணத் தொழிலாளியும் விற்பனைக்கு வைக்க மாட்டான், அப்படிக் கருவி செய்கிற கடையை என்ன பெயர் சொல்லி அழைப்பதென்றே தெரியாது என்று கேலியாக எழுதினார்.

கேலியோடு நிறுத்தவில்லை. அதே 1853ல், அதே சண்டைக்காக எழுதிய கட்டுரையில் ஓர் அருமையான சமனின்மையையும் நிறுவினார். ஒரு பரவலுக்குத் திட்டவிலக்கம் என்று ஒன்று இருந்தால் போதும். அதன் வடிவம் எதுவாக இருந்தாலும், நடுவில் இருந்து திட்டவிலக்கத்தைப் போல் k மடங்குக்கு அப்பால் விழும் வாய்ப்பு 1/k²ஐத் தாண்டாது. n அளவுகளின் சராசரிக்குப் பரவற்படி n மடங்கு சுருங்கிவிடும். இரண்டையும் சேர்த்தால், அளவுகள் கூடக் கூடச் சராசரி உண்மையை நெருங்கியே தீரும் என்பது நான்கு வரியில் நிரூபணமாகிவிடுகிறது! ரஷ்யாவின் செபிஷேவ் 1867ல் இதையே வெளியிட்டார். இன்று பாடநூல்களில் பெரும்பாலும் செபிஷேவ் பெயர்தான் இருக்கிறது. பாய்சான் கண்ட பரவலுக்குக் கோஷி பெயர், பியனேமே கண்ட சமனின்மைக்குச் செபிஷேவ் பெயர்... உழுதவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன்!

சரி, சண்டையில் வென்றது யார்? இருவருமே சரிதான். கோஷி பரவலுக்குத் திட்டவிலக்கமே கிடையாது. கணக்கிட்டால் முடிவிலிக்குப் போய்விடும். சராசரி என்று சொல்லத் தக்க எண்கூட அதற்குக் கிடையாது. பியனேமேயின் காவல் அந்த எல்லையோடு முடிந்துவிடுகிறது. சராசரியை நம்பலாம், ஆனால் நிபந்தனையோடுதான் நம்பலாம் என்பதே 1853ன் தீர்ப்பு.

நிறைகளையே குலுக்கிப் போட்டால்?

இதுவரை எல்லா அளவுக்கும் சம நிறை. 20ஆம் நூற்றாண்டில் கேள்வி மாறியது. நிறைகளே சமவாய்ப்பில் வந்தால் அந்தச் சராசரி எப்படிப் பரவும்?

இப்படி யார் சராசரி எடுப்பார்கள் என்று தோன்றலாம். இயற்கை எடுக்கிறது! இரண்டு நண்பர்கள் நாணயம் சுண்டி விளையாடுகிறார்கள். தலை விழுந்தால் முதலாமவருக்கு ஒரு ரூபாய், பூ விழுந்தால் இரண்டாமவருக்கு. கணக்கு அவ்வப்போது சமமாகும். சமமாகும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று முடிந்ததாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றிலும் யார் முன்னிலை என்பது பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் சுற்றின் நீளம் நிச்சயமில்லை. ஒரு சுற்று இரண்டே சுண்டலில் முடியும், இன்னொன்று இரண்டாயிரம் சுண்டல் வரை இழுக்கும். முதலாமவர் மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு முன்னிலையில் இருந்தார் என்று கேட்டால், 0 அல்லது 1 என்ற மதிப்புகளுக்குச் சுற்று நீளங்களை நிறையாகப் போட்டு எடுத்த சராசரிதான் விடை. நிறைகள் சமவாய்ப்பில் வந்தவை.

சாதாரண அறிவு என்ன சொல்லும்? நீண்ட நேரம் ஆடினால் இருவரும் ஏறக்குறையப் பாதிப் பாதி நேரம் முன்னிலையில் இருப்பார்கள் என்று சொல்லும். 1939ல் பிரெஞ்சு அறிஞர் பால் லெவி இதற்கு நேர் எதிரான விடையைக் கண்டார். இதற்கு ஆர்க்சைன் விதி என்று பெயர். நூறு ஆட்டம் ஆடினால் சுமார் 41 ஆட்டங்களில் ஒருவரே 90 விழுக்காட்டுக்கும் அதிகமான நேரம் முன்னிலையில் இருப்பார்! 45 முதல் 55 விழுக்காடு என்ற 'நியாயமான' பங்கீடு அமைவது நூற்றுக்குச் சுமார் 6 தடவைதான். ஒரே ஒரு நீண்ட சுற்று மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுவதுதான் காரணம். சீட்டுக் கம்பெனியில் பங்கு நூறு பேருக்கு இருந்தாலும் ஒருவர் கையில் 80 பங்கு இருந்தால் ஓட்டெடுப்பு எப்படி நடக்குமோ அப்படி!

ஆட்டம் சரிசமமாக முடிந்த தடவைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் கதை மறுபடி மாறுகிறது. அப்போது முன்னிலை நேரத்தின் பங்கு சீரான பரவலில் அமையும். அதாவது 10 விழுக்காடும் 50 விழுக்காடும் 90 விழுக்காடும் ஒரே வாய்ப்பு உடையவை. நாணயம் சுண்டும் ஆட்டத்துக்கு இதைத் துல்லியமாக நிறுவியவர்கள் சுங்கும் ஃபெல்லரும், ஆண்டு 1949.

கல்கத்தா இதழில் ஒரு விடை

1931ல் மகலனோபிஸ் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1933ல் அதன் ஆய்விதழாகச் 'சங்க்யா' பிறந்தது. 'எண்' என்று பொருள். உலகெங்கும் இருந்து புள்ளியியலாளர்கள் கட்டுரை அனுப்பும் இதழாக அது வளர்ந்தது. 1987ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த வால்டர் வான் அஸ்ஸெ என்ற கணிதவியலாளரின் கட்டுரை ஒன்று அதில் வெளியானது.

கேள்வி மிக எளிமையானது. இரண்டு எண்களைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு புள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட வேண்டும். தொட்ட புள்ளி எப்படிப் பரவும்? இது இரண்டு எண்களின் நிறையிட்ட சராசரிதான். நிறை மட்டும் சமவாய்ப்பில் வருகிறது.

இரண்டு அழகான விடைகள் அதில் கிடைத்தன. முதலாவது, அந்த இரண்டு எண்களும் லெவியின் அதே ஆர்க்சைன் பரவலில் -1க்கும் 1க்கும் இடையில் வந்தால், இடையில் தொட்ட புள்ளி சீரான பரவலில் அமையும். ஓரங்களில் குவிந்து கிடந்த வாய்ப்பு, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் சமமாக நிரவிவிடுகிறது. இரண்டாவது, ஒரே பரவலில் இருந்து வந்த இரண்டு எண்களுக்கு இடையில் தொட்ட புள்ளியும் அதே பரவலைக் கொண்டிருக்கிறது என்றால், அந்தப் பரவல் (எண்கள் மாறாத மாறிலிகளாக இல்லாதவரை) கோஷி பரவலாகத்தான் இருக்க முடியும். வேறு எதுவாகவும் இருக்க முடியாது! பாய்சான் விதிவிலக்கு என்று ஒதுக்கிய வளைவு இங்கே ஒரே விடையாக வந்து நிற்கிறது.

1990ல் ஜான்சனும் காட்ஸும் இந்தக் கேள்வியை இரண்டுக்கு மேற்பட்ட எண்களுக்கு விரிவுபடுத்திக் கட்டுரை எழுதினார்கள். 2018ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜிம் பிட்மன், லெவியின் நாணய ஆட்டத்தையும் இந்தக் குலுக்கல் நிறைச் சராசரிகளையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்து விரிவாக எழுதினார்.

குலுக்கலுக்குக் கட்டணம் உண்டு

வணிகவியல் மாணவனுக்குப் புரியும்படி சொன்னால், குலுக்கல் நிறை என்பது செலவு வைக்கும் விஷயம். இரண்டு அளவுகளுக்குச் சம நிறை கொடுத்தால் பரவற்படி பாதியாகக் குறையும். மேலே சொன்னபடி நிறையைக் குலுக்கிப் போட்டால் மூன்றில் இரண்டு பங்காகத்தான் குறையும். 0க்கும் 1க்கும் இடையே 99 புள்ளிகளைக் கண்டபடி குத்தி, அதனால் உண்டாகும் 100 துண்டுகளின் நீளங்களை 100 அளவுகளுக்கு நிறையாகக் கொடுத்தால், அவை ஏறக்குறைய 50 அளவுகளின் வேலையைத்தான் செய்யும். பாதி உழைப்பு வீண்.

வீண் என்று தெரிந்தும் இதை வேண்டுமென்றே செய்கிறவர்கள் உண்டு. 1981ல் டொனால்ட் ரூபின் முன்வைத்த ஒரு முறையில், கையில் இருக்கும் புள்ளிவிவரத்துக்கு இதே துண்டு நீளங்களை நிறையாகப் போட்டு சராசரி எடுக்க வேண்டும். பிறகு மறுபடி குலுக்கி மறுபடி எடுக்க வேண்டும். இப்படி ஆயிரம் தடவை எடுத்தால், விடை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அந்த ஆட்டம்தான் சராசரியில் வைக்கத்தக்க நம்பிக்கையின் அளவு. இதற்கான அடித்தளம் 1973ல் தாமஸ் ஃபெர்குசன் அறிமுகப்படுத்திய டிரிஷ்லே முறை. அதில் வரும் சராசரியின் பரவலைக் கண்டுபிடிக்கும் கடினமான வேலையை இத்தாலியின் சிஃபாரெல்லி, ரெகாஸினி இருவரும் 1979 தொடங்கிச் செய்தார்கள்.

பருத்திச் சந்தைக்கு வந்த சூனியக்காரி

இந்த எல்லாக் குலுக்கலும் கோஷி பரவலிடம் மட்டும் எடுபடாது. நிறைகளின் கூட்டுத்தொகை 1 ஆக இருந்தால் போதும். அவற்றை எப்படிக் குலுக்கினாலும், கோஷி எண்களின் சராசரி அதே கோஷியாகத்தான் வரும். மருந்துக்கு மசியாத நோய் அது.

அது வெறும் காகித நோய்தானா? 1963ல் பெனுவா மாண்டல்பிராட், பருத்தி விலை மாற்றங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பாரிசில் பால் லெவியிடம் படித்தவர் இவர். பருத்தி விலையில் எத்தனை ஆண்டுப் புள்ளிவிவரத்தைச் சேர்த்தாலும் பரவற்படி ஓர் இடத்தில் நிலைக்க மறுக்கிறது, பெரிய தாவல்கள் இயல்நிலைப் பரவல் அனுமதிக்கும் அளவைவிட மிக அதிகமாக வருகின்றன என்று காட்டினார். இயல்நிலைப் பரவலும் கோஷியும் ஒரே குடும்பத்தின் இரண்டு பிள்ளைகள். பருத்தி விலை அவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது என்றார். பரவற்படி உண்மையிலேயே முடிவிலியா என்பதில் பிற்கால ஆய்வாளர்கள் மாண்டல்பிராட்டோடு முரண்பட்டார்கள். ஆனால் விலைத் தாவல்களுக்கு வால் கனமானது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை.

1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் ஒரே நாளில் 22.6 விழுக்காடு விழுந்தது. அந்தக் குறியீட்டெண் 30 நிறுவனங்களின் சராசரி. முப்பதைச் சேர்த்தும் அந்த ஒரு நாள் அடி மட்டுப்படவில்லை. மும்பையின் சென்செக்ஸும் 30 நிறுவனங்களின் நிறையிட்ட சராசரிதான். 2003 செப்டம்பர் முதல் சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்பைக் கொண்டு அதில் நிறை போடப்படுகிறது. பங்கு விலை மாறும்போது நிறையும் கூடவே மாறும்! லெவி, வான் அஸ்ஸெ கணக்குகளில் நிறைகள் மதிப்புகளைச் சாராமல் குலுக்கப்பட்டவை. இங்கே அந்த வசதியும் கிடையாது. ஏறுகிற பங்கே நிறையையும் ஏற்றிக்கொள்கிறது.

சிம்ப்சன் தொடங்கிய கணக்கு இப்படி வந்து நிற்கிறது. ஒரு சராசரியைக் கையில் வாங்குமுன் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்பதே இந்த வரலாறு கற்றுத்தரும் பாடம். ஓரத்து எண்கள் எவ்வளவு தூரம் போகும்? நிறைகளைப் போட்டது யார், எப்படி? இரண்டுக்கும் நல்ல விடை இருந்தால் பியனேமே காவலுக்கு இருக்கிறார், பயமில்லை.

அப்படிப்பட்ட கருவியை எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள் என்றார் அந்த நிதித்துறை அதிகாரி. அளவுக் கருவிக் கடையைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. பருத்தியும் பங்கும் விற்கிற கடைகளைப் பற்றி 1853ல் அவரிடம் யாரும் கேட்கவில்லை!